முதல் பல்புக்குப் பிறகு கரண்ட் குறைகிறதா? ஏழாம் வகுப்பு மின்சுற்றுப் பாடத்தில் ஒரு சிக்கல்

கரும்பலகை (திங்கள், இரவு 8.40)

எல்லோருக்கும் வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறிலிருந்து எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். இன்றைக்கு ஏழாம் வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன், வழி சொல்லுங்கள்.

பழைய காலண்டர் அட்டையில் இரண்டு டார்ச் பல்பை ஹோல்டரோடு பொருத்தினேன். 1.5 வோல்ட் செல் இரண்டு. சாவிக்கு (சுவிட்சுக்கு) ஒரு ஊக்கும் இரண்டு டிராயிங் பின்னும். எல்லாம் தொடரிணைப்பு, ஒன்றன் பின் ஒன்றாக ஒரே வழியில். ஊக்கை அழுத்தியதும் செல்லின் ப்ளஸ் பக்கத்தில் இருந்த பல்பு மஞ்சளாக நன்றாக எரிந்தது. அடுத்த பல்பில் இழை மட்டும் மங்கலாகச் சிவந்து தெரிந்தது, அவ்வளவுதான்.

முதல் பெஞ்சுப் பையன் உடனே சொன்னான்: "மிஸ், முதல் பல்பு கரண்ட்டைக் குடிச்சிருச்சு. மிச்சம் இருக்கிறதுதான் ரெண்டாவதுக்குப் போகுது." வகுப்பே ஆமாம் என்றது.

தொடரிணைப்பில் எல்லா இடத்திலும் மின்னோட்டம் ஒன்றுதான் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை, மங்கிய பல்பைக் கையால் காட்டினான். எனக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மணியும் அடித்துவிட்டது. கண்ணெதிரே எரிவதை விட்டுவிட்டு நான் சொல்வதை அவன் ஏன் நம்ப வேண்டும்? நாளை மறுநாள் மறுபடி அதே வகுப்பு. என்ன செய்யலாம்?

மல்டிமீட்டர் (திங்கள், இரவு 9.15)

டீச்சர், அந்தப் பையனைப் பாராட்டுங்கள். கண்ணால் பார்த்ததற்குப் பொருந்துகிற ஒரு விளக்கத்தைத் தானாகவே உண்டாக்கியிருக்கிறான். அதைச் சோதித்துப் பார்க்கிற வழியைக் காட்டுவதுதான் உங்கள் வேலை, மறுப்பதை பல்பே செய்துவிடும்.

செல் இரண்டையும் கழற்றித் திருப்பிப் போடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். இப்போது ப்ளஸ் பக்கம் இருப்பது மங்கிய பல்பு. அவன் சொன்னது சரியென்றால் இந்தத் தடவை அதுதான் பிரகாசமாக எரிய வேண்டும். சாவியை அழுத்துவதற்கு முன்பே எது நன்றாக எரியும் என்று ஒவ்வொரு பிள்ளையையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் பார்த்தால் "நான் அப்பவே நினைச்சேன்" என்பார்கள்.

என் கணிப்பு இது: மங்கிய பல்பு மங்கலாகவேதான் எரியும். இரண்டும் ஒரே ரக பல்பு இல்லை. பல்பின் கழுத்துத் தகட்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்துச் சொல்லுங்கள்.

கரும்பலகை (திங்கள், இரவு 9.50)

இப்போதுதான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நன்றாக எரிந்ததில் 2.5V 0.3A, மங்கியதில் 2.5V 0.5A. கடையில் ஒரே டப்பாவிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார், ஒரே ரகம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு சந்தேகம். 0.5 ஆம்பியர் பல்பு பெரியதுதானே? அது ஏன் மங்க வேண்டும்?

மல்டிமீட்டர் (திங்கள், இரவு 10.20)

விஷயமே அதில்தான் இருக்கிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 0.3 பல்பு முழுதாக எரியும்போது அதன் தடை 2.5 ÷ 0.3, சுமார் 8.3 ஓம். 0.5 பல்புக்கு 2.5 ÷ 0.5, 5 ஓம். தொடரில் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். எது அதிகம் தடுக்கிறதோ அதில்தான் அதிக வெப்பம் உண்டாகும், அந்த இழைதான் வெளுக்கும். 0.5 பல்பின் இழை நன்றாக வெளுக்க அரை ஆம்பியர் வேண்டும். இந்தச் சுற்றில் அது கிடைக்காது.

நான் கணக்குப் போட்டுப் பார்த்த வரை உங்கள் சுற்றில் 0.28 ஆம்பியருக்குப் பக்கத்தில் ஓடும். 0.3 பல்புக்கு இது ஏறக்குறைய போதும். 0.5 பல்புக்குப் பாதியைச் சற்றுத் தாண்டியதுதான். அழுத்தத்திலும் நல்ல பல்பு 2.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மங்கியதற்கு 0.8தான் மிஞ்சும். (மங்கிய இழையின் சூடு குறைவு, அதனால் அதன் தடை அந்த 5 ஓமை விடக் குறைந்துவிடும். டங்ஸ்டன் இழை வெளுத்து எரியும்போது அதன் தடை, குளிர்ந்திருக்கும்போது இருப்பதைப் போல் சுமார் பத்து மடங்கு. ஏழாம் வகுப்புக்கு இது தேவையில்லை, கணக்கு ஏன் நேராக வரவில்லை என்று நீங்கள் குழம்பக் கூடாதே என்று சொன்னேன்.)

பிறகு அதே இரண்டு பல்பையும் பக்க இணைப்பில், அதாவது ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செல்லின் இரண்டு முனையோடும் சேரும்படி, போட்டுக் காட்டுங்கள். பிரகாசம் தலைகீழாக மாறி 0.5 பல்புதான் அதிகமாக எரியும். இதையும் முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள்.

மீட்டர் இருந்தால் செல்லுக்கும் முதல் பல்புக்கும் நடுவில், இரண்டு பல்புக்கும் நடுவில், இரண்டாவது பல்புக்கும் செல்லுக்கும் நடுவில் என்று மூன்று இடத்தில் வயரைக் கழற்றி அளக்கலாம். கறுப்பு வயர் பொதுத் துளையில், சிவப்பு வயர் 10A என்று போட்ட துளையில். ஆம்பியர் அளக்கிற நிலையில் மீட்டரை ஒருபோதும் செல்லின் இரண்டு முனைக்கும் நேராக வைக்க விடாதீர்கள். ஆம்பியர் மீட்டருக்குள் தடை மிகக் குறைவு, செல்லைக் கம்பியால் நேராக இணைப்பதும் அதுவும் ஒன்றுதான்.

பழைய வயர்மேன் (செவ்வாய், காலை 6.10)

டீச்சரம்மா, நான் படிச்சது எட்டாவது வரைக்கும்தான். முப்பது வருசம் கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டியிருக்கேன். உங்க புத்தகத்துல தொடரிணைப்புன்னு போட்டிருக்கிறதைத்தான் நாங்க சீரியல்னு சொல்றோம்.

எல்.இ.டி. வர்றதுக்கு முன்னாடி 6 வோல்ட் பல்பு 40 வரிசையா கட்டுவோம். 230 வோல்ட்டை 40 பங்கு போட்டா ஒண்ணுக்கு ஆறுக்குக் கொஞ்சம் கம்மியா வரும். ஒரு பல்பு இழை அறுந்தா நாப்பதும் அணைஞ்சிரும். கோபுரத்து உச்சியில் ஏறி உட்கார்ந்துகிட்டு ஒவ்வொரு பல்பா திருகிப் பார்த்து எது போச்சுன்னு கண்டுபிடிக்கணும். அந்த நாப்பதுல முதல் பல்பு கடைசி பல்புன்னு வெளிச்சத்துல வித்தியாசமே இருக்காது. முதல் பல்பு குடிச்சிரும்னா நாப்பதாவதுக்கு என்ன மிஞ்சும்? இதை உங்க பையன்கிட்ட கேளுங்க. தேர் பார்க்காத பிள்ளை இருக்காது.

இன்னொண்ணும் சொல்லிருங்க. 6 வோல்ட் பல்புதானே, ஷாக் அடிக்காதுன்னு நினைச்சு ஒருத்தரும் சீரியல் செட்டில் கை வைக்கக் கூடாது. எல்லாம் எரியும்போது ஒரு பல்புக்கு 6 வோல்ட்தான். ஒரு பல்பைக் கழட்டினதும் ஓட்டம் நின்னுரும். அந்த ஹோல்டரோட ரெண்டு தகட்டுக்கும் நடுவுல முழு 230ம் வந்து நிக்கும். என்கூட வேலை பார்த்த பையன் ஒருத்தன் இதைத் தெரியாம விரலை விட்டு, ஏணியிலிருந்து விழுந்து கை முறிஞ்சு மூணு மாசம் வீட்டுல கிடந்தான். பிள்ளைங்களுக்கு இதை மறக்காமச் சொல்லுங்கம்மா.

கரும்பலகை (செவ்வாய், காலை 7.05)

ஐயா, கும்பிடுகிறேன். பல்பைக் கழற்றிய இடத்தில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும் என்பது இத்தனை வருடம் பாடம் எடுத்தும் என் மனதில் பதிந்ததில்லை. கட்டாயம் சொல்கிறேன்.

மேல்நிலைத் தொட்டி (செவ்வாய், மதியம் 1.30)

நீங்கள் எல்லோரும் சுற்றி வளைப்பதாக எனக்குப் படுகிறது. தண்ணீர்த் தொட்டி உவமை எளிது. தொட்டியின் உயரம் மின்னழுத்தம், குழாயில் ஓடும் தண்ணீர் மின்னோட்டம், குழாயின் குறுகல் தடை. என் மகளுக்கு இப்படித்தான் சொன்னேன், பத்தே நிமிடத்தில் புரிந்துகொண்டாள்.

மல்டிமீட்டர் (செவ்வாய், மதியம் 2.10)

அழுத்தத்தையும் தடையையும் விளக்க அந்த உவமை நல்லதுதான், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த வகுப்பின் பிரச்சினைக்கு அது எதிராகப் போகும். குழாயில் வந்த தண்ணீரைக் குடித்தாயிற்று, குளித்தாயிற்று, மிச்சம் சாக்கடையில் போயிற்று. திரும்பத் தொட்டிக்கு வருவதைப் பிள்ளை பார்ப்பதே இல்லை. "குடிச்சிருச்சு" என்ற வார்த்தையே அங்கிருந்துதான் வருகிறது. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், வயரை வெட்டினால் எதுவும் கொட்டாது, ஓட்டமே நின்றுவிடும். மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றி அது திரும்பக் கீழே வந்து மறுபடி மேலே போகிற மாதிரி முழு வட்டமாகச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

மேல்நிலைத் தொட்டி (செவ்வாய், மதியம் 2.45)

வயரை வெட்டினால் கொட்டாது என்பது நியாயம். மாலையில் மகளிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

யாழ் ஆசிரியர் (செவ்வாய், மாலை 5.20)

ரீச்சர், நான் யாழ்ப்பாணத்தில தரம் எட்டுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறன். நீங்கள் பல்பு எண்டுறதை எங்கட புத்தகத்தில மின்குமிழ் எண்டும், சாவியை ஆளி எண்டும் போட்டிருக்கு. பிள்ளையளின்ர குழப்பம் மட்டும் ரெண்டு கரையிலயும் ஒண்டுதான்.

நான் கயிறு கொண்டு போவன். பருத்திக் கயிறு, பத்துப் பன்னிரண்டு மீற்றர், ரெண்டு நுனியையும் முடிச்சுப் போட்டு வளையமாக்க வேணும். பிள்ளையளை வட்டமா நிற்க வைச்சு, எல்லாரும் விரலை வளைச்சுக் கயிறைத் தளர்வாத் தாங்கிக்கொள்ளச் சொல்லுவன். ஒரு பிள்ளைதான் மின்கலம். அவள் ஒரு கையால இழுத்து மற்றக் கையால விட்டுக்கொண்டே இருப்பாள். எதிர்ப்பக்கம் நிற்கிற பிள்ளை மின்குமிழ். அவன் மட்டும் கயிறைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேணும். ஒரு நிமிசத்தில "சேர், உள்ளங்கை சுடுது" எண்டு சொல்லுவான்.

பிறகு நான் மூண்டு கேள்வி கேட்பன். கயிறு குறைஞ்சதோ? குமிழுக்கு முன்னால ஒரு வேகம், பின்னால ஒரு வேகமோ? மின்கலப் பிள்ளை இழுக்கத் தொடங்கினதும், குமிழ்ப் பிள்ளையின்ர கைக்குக் கயிறு வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்தது? எல்லாற்ற கையிலயும் கயிறு முதலே இருந்தது, அதால எல்லாம் ஒரே நேரத்தில அசைஞ்சது. ஆளியைப் போட்ட உடன விளக்கு எரியிறதுக்கும் அதுதான் காரணம்.

இனி இன்னொரு பிள்ளையையும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கோ. முழுக் கயிறும் மெதுவாப் போகும், முதல் குமிழின்ர கையிலயும் சூடு குறையும். பின்னால பூட்டின குமிழ் முன்னால இருக்கிறதை எப்பிடி மங்கப் பண்ணுது எண்டதைப் பிள்ளையள் உடம்பாலயே அறிஞ்சுகொள்ளுவினம்.

மல்டிமீட்டர் (செவ்வாய், மாலை 6.00)

அருமை ஐயா. கயிறு எல்லோர் கையிலும் முதலிலேயே இருந்தது என்றீர்களே, அதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் 0.28 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் சராசரியாக ஒரு மணி நேரத்தில் முன்னேறுவது 7 சென்டிமீட்டர் அளவுதான். செல்லை விட்டுக் கிளம்பிய எலக்ட்ரான் ஒரு பாடவேளைக்குள் பல்பைக்கூடத் தொடாது. பல்பை எரிய வைப்பது அதற்குள்ளேயே ஏற்கெனவே இருந்த எலக்ட்ரான்கள்.

அம்புக்குறியைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். ப்ளஸிலிருந்து மைனஸுக்கு ஓடுவதாகப் படம் போடுகிறோம், எலக்ட்ரான் எதிர்ப்பக்கமாகப் போகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில், மின்சாரத்தை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபிராங்ளின் காலத்திலேயே ப்ளஸ், மைனஸ் குறிகளை முடிவு செய்துவிட்டார்கள், எலக்ட்ரான் தெரிய வந்தது 1897இல். படம் அப்படியே நிலைத்துவிட்டது. செல்லைத் திருப்பிப் போட்டாலும் பல்பு அதே மாதிரி எரிவதால் இந்தப் பாடத்துக்கு இரண்டில் எதை வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

ஒரு அம்மா (செவ்வாய், இரவு 9.30)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகன் ஆறாவது. 9 வோல்ட் பேட்டரியில் எல்.இ.டி.யை நேராக வைத்தான், டப்பென்று போய்விட்டது. இப்போது ப்ளக் பாயின்ட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. பேட்டரியைத் தொட்டால் ஒன்றும் ஆவதில்லை, ப்ளக்கைத் தொட்டால் ஆபத்து என்றால் ஏன் என்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

மல்டிமீட்டர் (செவ்வாய், இரவு 10.15)

அம்மா, முதலில் எல்.இ.டி. சிவப்பு எல்.இ.டி. தனக்கு 2 வோல்ட் அளவுதான் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டைத் தாங்க ஒரு தடை வேண்டும். 20 மில்லி ஆம்பியர் போகலாம் என்று வைத்தால் 7 ÷ 0.02, 350 ஓம். கடையில் 470 ஓம் ரெசிஸ்டர் என்று கேளுங்கள், 15 மில்லி ஆம்பியர் போகும், எல்.இ.டி. நெடுநாள் உழைக்கும். நீளமான கால் ப்ளஸ் பக்கம்.

ப்ளக் கேள்விக்கு அவனை அதட்டாதீர்கள். உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம். பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். டார்ச் செல் இரண்டின் 3 வோல்ட்டை வகுத்தால் 0.3 மில்லி ஆம்பியர், உடம்பு உணராது. 230 வோல்ட் என்றால் 23 மில்லி ஆம்பியர். கை ஈரமாக இருந்தால் தடை ஓராயிரம் இரண்டாயிரம் ஓமுக்கு இறங்கிவிடும், அப்போது 100 மில்லி ஆம்பியரைத் தாண்டும், இதயம் நின்றுபோகலாம். வீட்டில் உயிரைக் காக்க வைக்கிற ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். டார்ச் பல்பில் ஓடுவது அதைப் போல் பத்து மடங்கு. அந்த அளவை உடம்புக்குள் தள்ள 3 வோல்ட்டுக்குச் சக்தி போதாது, 230க்கு இருக்கிறது. இந்தக் கணக்கை அவனே போடட்டும். போட்ட பிறகு ப்ளக் பாயின்ட் பக்கம் போக மாட்டான் என்று நம்புகிறேன், இருந்தாலும் மூடியும் வாங்கி மாட்டுங்கள்.

கரும்பலகை (புதன், மாலை 5.45)

இன்று வகுப்பு முடிந்தது. கை இன்னும் பரபரவென்று இருக்கிறது, உடனே எழுதுகிறேன்.

செல்லைத் திருப்பிப் போடுவதற்கு முன் நோட்டில் எழுதச் சொன்னேன். 38 பேரில் 33 பேர் மங்கிய பல்பு பிரகாசமாகும் என்று எழுதினார்கள். முதல் பெஞ்சுப் பையனைத்தான் ஊக்கை அழுத்த வைத்தேன். நல்ல பல்புதான் மறுபடியும் நன்றாக எரிந்தது. கையை எடுத்து மறுபடி அழுத்தினான். செல்லைத் தானே கழற்றி ப்ளஸ் எந்தப் பக்கம் என்று பார்த்தான். வகுப்பில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப பல்புலதான் மிஸ் ஏதோ இருக்கு" என்றான். பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். எழுத்தைப் படித்து அவனேதான் வகுத்தான்.

பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் மீட்டர் இரவல் வாங்கியிருந்தேன். மூன்று இடத்திலும் 0.28, ஒரு தடவை மட்டும் 0.27. கணக்கு இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கயிற்று விளையாட்டுக்கு மரத்தடிக்குப் போனோம். இறுக்கிப் பிடித்த இருவரும் உள்ளங்கையை எல்லோர் கன்னத்திலும் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தார்கள். வயர்மேன் ஐயா சொன்ன சீரியல் செட் எச்சரிக்கையை மூன்று தடவை சொன்னேன்.

எதிர்பாராத ஒரு கேள்வியும் வந்தது. கரண்ட் குறைவதே இல்லை என்றால் பேட்டரி ஏன் தீர்ந்துபோகிறது?

மல்டிமீட்டர் (புதன், இரவு 8.00)

கயிற்றை இழுத்த பிள்ளைக்குக் கை வலித்திருக்கும், கயிறு அப்படியே இருந்தது. தீர்வது ஆற்றல். சாதாரண டார்ச் செல்லின் வெளிக்கூடே துத்தநாகம். எரிய எரிய அது கரைகிறது. பழைய செல் சில நேரம் ஓட்டையாகி ஈரம் கசிவது அதனால்தான். 1800இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்டா அடுக்கிய மின்கலத்திலும் துத்தநாகத் தட்டுகள்தான் கரைந்தன.

எலுமிச்சையில் துத்தநாகம் பூசிய ஆணியும் செம்புக் கம்பியும் செருகினால் 0.9 வோல்ட் வரை காட்டும். டார்ச் பல்பு எரியாது, அவ்வளவு மின்னோட்டம் தர அதற்குத் திராணியில்லை. மூன்று நான்கு பழத்தைத் தொடரில் போட்டால் சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரியும். ஆற்றல் பழத்திலிருந்து வரவில்லை, ஆணியின் மேலிருக்கும் துத்தநாகத்திலிருந்து வருகிறது. சோதனைக்கு வைத்த பழத்தை யாரும் பிழிந்து குடிக்கக் கூடாது. செல்லை உடைத்துப் பார்க்கவும் விடாதீர்கள்.

சைக்கிள்கடை மகன் (புதன், இரவு 9.10)

டீச்சர், சுற்று வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பதிந்துவிட்டதல்லவா, இப்போது ஒரு பழைய டைனமோ சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். டைனமோவிலிருந்து முன் விளக்குக்கு ஒரே ஒரு வயர்தான் போகும். இன்னொன்று எங்கே என்று தேடச் சொல்லுங்கள். அப்பா கடையில் சின்ன வயதில் நான் இரண்டு நாள் தேடியிருக்கிறேன்.

கரும்பலகை (வெள்ளி, மாலை 6.20)

தம்பி, சைக்கிள் கிடைத்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாத்தாவுடையதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஏழு, எட்டு இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றினோம். விளக்கு எரியவில்லை. எனக்கு மனது கலங்கிவிட்டது. பல்பைக் கழற்றி செல்லில் வைத்துப் பார்த்தோம், மங்கலாக எரிந்தது, ஆக பல்பு நல்ல பல்புதான். வயரும் அறுந்திருக்கவில்லை.

இரண்டாவது வயரைத் தேடிக்கொண்டிருந்தவர்களில் முதல் பெஞ்சுப் பையன்தான் சைக்கிளின் இரும்புச் சட்டத்தின் மேல் விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தான், விளக்கிலிருந்து ஹேண்டில் பார், அங்கிருந்து சட்டம், டைனமோ வரைக்கும். "இதுதான் மிஸ் திரும்பி வர்ற வழி." உடனே அந்தப் பெண் சொன்னாள், தாத்தா போன பொங்கலுக்கு சைக்கிளுக்குப் பெயின்ட் அடித்தாராம். டைனமோ பிடியில் சட்டத்தைக் குத்திக்கொண்டு நிற்க வேண்டிய கூரான திருகு ஒன்று இருக்கிறது. அது பெயின்ட்டுக்கு மேலேயே நின்றிருந்தது.

திருகைக் கழற்றி, அந்த இடத்தில் பிளேடு வைத்து ஒரு பைசா அளவுக்குச் சுரண்டினோம். இரும்பு பளபளவென்று தெரிந்ததும் திருகை இறுக்கினோம். பையன் சக்கரத்தைச் சுற்றினான், விளக்கு எரிந்தது. மணி அடித்த பிறகும் ஒருவர் மாற்றி ஒருவர் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். தாத்தாவுக்கு சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது, சுரண்டிய இடத்துக்கு மட்டும் இனிமேல் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன்.